தலவாக்கலைக்கு ஒரு வார வானிலைக் குறிப்பு எழுதுவது எப்படி? மலையக ஆற்றோர ஊர்களுக்கான முழு வழிகாட்டி

ஞாயிறு இரவு கடையைச் சாத்துமுன், வாசலில் தொங்கும் கரும்பலகையில் அடுத்த ஏழு நாள் வானிலையை வெண்கட்டியால் எழுதிவைப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். ஆரம்பத்தில் போனில் வந்ததை அப்படியே பார்த்து எழுதினேன். ஒரு ஏப்ரல் மாதம் "சனி: வெயில்" என்று எழுதியிருந்தேன். சனிக்கிழமை காலை வெயில் பளீரென்று அடித்தது உண்மைதான். மூன்று மணிக்கு இடி இறங்கியது. பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு பிள்ளையின் சடங்கு. பந்தல் நனைந்து தொங்க, சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். மறுநாள் அந்த வீட்டு அக்கா கடையில் சீனி வாங்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, உன் பலகைய நம்பித்தான் படங்கு கட்டாம விட்டோம். வெயிலுன்னு எழுதுனா எத்தன மணி வரைக்கும்னும் சேத்து எழுது."

அக்கா கேட்டது நியாயம். மே முதல் செப்டம்பர் வரை போனைத் திறந்தால் ஏழு நாளும் மழைப்படம்தான். அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? துணி துவைக்கப்போகிறவருக்கு வேண்டியது எத்தனை மணி என்பது. ஆற்றோரத்தில் குடியிருப்பவருக்கு வேண்டியது, ஆறு வரும் வழியில் மேலே இருக்கும் அக்கரப்பத்தனையில் என்ன பெய்கிறது என்பது. மரக்கறி லொறிக்காரருக்கு ரோட்டில் மூடுபனி இருக்குமா என்பது. இந்த மூன்றையும் ஒரு பலகையில் கொண்டுவர நான் படிப்படியாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உதாரணம் இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் ஊர் தலவாக்கலை, முறை எந்த ஆற்றோர ஊருக்கும் பொருந்தும்.

முதல் படி: ஊர் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

போனைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். நடுவில் ஊர். தலவாக்கலை ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே கொட்டகலை, ஹட்டன், அதைத் தாண்டி வட்டவளை, கினிகத்தேனை. கிழக்கே நானுஓயா, நுவரெலியா. தெற்கே ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம். அங்கிருந்துதான் நம் ஆறு வருகிறது. டயகம, அக்கரப்பத்தனை வழியாக ஆக்ரா ஓயாவும், நானுஓயாப் பக்கமிருந்து இன்னொரு கிளையும் சேர்ந்து கொத்மலை ஓயாவாகி, கடைசியில் மகாவலியில் போய் விழுகிறது.

இந்தத் தாளில் காற்றை ஓட்டிப் பாருங்கள். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து வந்து முதலில் முட்டுவது கினிகத்தேனை, வட்டவளைச் சரிவுகளில். மேலே ஏறும் காற்று குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தை அங்கேயே கொட்டுகிறது. மேற்குச் சரிவின் சில இடங்களில் வருஷத்துக்கு 5000 மி.மீட்டருக்கு மேல் பெய்வது இதனால்தான். ஹட்டன் தாண்டி நம்மிடம் வரும்போது பாதிச் சுமை இறங்கியிருக்கும். நுவரெலியா தாண்டி ஹக்கலைக்கு அப்பால் போனால் ஈரமே இல்லை, வெறும் காற்றுதான். ஜூலையில் நுவரெலியாவில் குடையோடு பஸ் ஏறி வெலிமடையில் கண் கூச இறங்கியவர்களுக்கு இது தெரியும். மட்டக்களப்புப் பக்கம் கச்சான் என்று சொல்வதும் இந்தக் காற்றைத்தான். டிசம்பர், ஜனவரியில் எல்லாம் தலைகீழ்: வடகீழ்க் காற்று கிழக்குச் சரிவை நனைத்துவிட்டு நம் பக்கம் காய்ந்து வரும்.

ஆகவே "மத்திய மாகாணத்தில் மழை" என்ற ஒரே வரிக்குள் இரண்டு மூன்று வானிலை இருக்கிறது. உங்கள் ஊர் மலையின் எந்தப் பக்கம் என்பதைத் தாளில் பெரிதாக எழுதிவையுங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை, நாவலப்பிட்டிக்காரர்களும் இதே மாதிரி ஆற்றையும் மேற்குச் சரிவையும் வரைந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எந்தப் பருவம்?

வளிமண்டலவியல் திணைக்களம் வருஷத்தை நான்காகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் முதலாம் இடைப்பருவம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவம். அக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். ஒவ்வொன்றுக்கும் பலகையில் எழுதும் விதம் வேறு.

இடைப்பருவத்தில் பெரிய காற்று இருக்காது. காலையில் வானம் கண்ணாடி. பத்து மணிக்கு மலைமுகட்டில் பஞ்சு மாதிரி ஒரு மேகம். பன்னிரண்டுக்கு அது காளிபிளவர் மாதிரி மேலே மேலே ஊதிக்கொண்டு போகும், அடி கறுக்கும். இரண்டு மணிக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இடி. நான் கோட்டைவிட்டது இங்கேதான். இந்த மாதங்களில் "வெயில்" என்றோ "மழை" என்றோ ஒற்றைச் சொல்லில் எழுதவே கூடாது. காலை, பிற்பகல் என்று பிரித்தே எழுத வேண்டும்.

தென்மேல் பருவத்தில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. தூறல், நிற்பது, மறுபடி தூறல், இரவெல்லாம் தகரத்தில் சத்தம். இங்கே கேட்கவேண்டிய கேள்வி காற்று கூடுகிறதா, குறைகிறதா என்பது மட்டும்தான். காற்று தளரும் ஒன்றிரண்டு நாள் நடுவில் வரும். அந்த நாட்களை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் ஊரே உங்களுக்குக் கடன்பட்டது.

அதிகம் பயப்படவேண்டியது அக்டோபர், நவம்பருக்கு. இடிமழை ஒருபக்கம், வங்காள விரிகுடாவில் உண்டாகும் தாழமுக்கம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் மலையின் இரண்டு சரிவும் நனையும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 அக்டோபர் 29 காலை. டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தது 2025 நவம்பர் கடைசியில். இந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை எழுதினால் போதாது. புதன்கிழமை பலகையை அழித்துத் திரும்ப எழுதுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி சுலபம். மேகமில்லாத இரவு என்றால் குளிர், நுவரெலியாப் பக்கப் பள்ளங்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். அவ்வளவுதான்.

மூன்றாம் படி: உங்களுக்கென்று ஒரு மழைமானி, ஒரு கல்

இதைச் செய்யாமல் மற்றதைச் செய்து பயனில்லை. ஒன்றரை லீட்டர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, தோள்ப்பகுதி வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பாகத்தை மூடியில்லாமல் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். போத்தலின் அடி குழிவாக இருக்கும், அங்கே அளந்தால் கணக்குப் பிழைக்கும். அதனால் சில கூழாங்கற்களைப் போட்டு, பக்கங்கள் நேராகும் உயரம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போட்டு அதைப் பூச்சியம் என்று வையுங்கள். கோட்டுக்கு மேலே பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றை ஒட்டிவிடுங்கள். பக்கம் நேராகவும் வாய் அதே அகலமாகவும் இருந்தால், ஏறிய தண்ணீர் எத்தனை மி.மீட்டரோ அத்தனை மி.மீ. மழை.

வைக்கும் இடம் முக்கியம். கூரையோரம் வைத்தால் பீலித் தண்ணீரையும் சேர்த்து அளப்பீர்கள். பக்கத்தில் நிற்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். லயத்து முற்றத்தில் அவ்வளவு இடமேது என்று கேட்பீர்கள். முடிந்தவரை திறந்த இடம், கோழி தட்டிவிடாத உயரம். சரி, போதும்.

தினமும் காலை 8.30க்கு வாசியுங்கள். திணைக்களமும் அந்த நேரத்திலிருந்து மறுநாள் அந்த நேரம் வரைதான் 24 மணி மழையைக் கணக்கிடுகிறது. நேரம் ஒன்றானால்தான் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். வாசித்ததும் கோடுவரை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டுங்கள். தோட்டத்து ஒபிஸ்களிலும் மழைக்கணக்கு உண்டு, கணக்கப்பிள்ளையைக் கேட்டால் சொல்வார். பழைய ஆட்கள் அங்குலத்தில் சொல்வார்கள். 25.4ஆல் பெருக்குங்கள், "ஒன்றரை அங்குலம்" என்றால் 38 மி.மீ.

அப்புறம் கல். ஆற்றில் எப்போதும் தலைதெரியும் ஒரு பாறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். தலவாக்கலையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: டவுனை ஒட்டி மேல் கொத்மலை அணை இருக்கிறது; நீங்கள் பார்க்கும் கல் அந்த அணைக்கு மேலே, ஆறு தன்பாட்டில் ஓடும் இடத்தில் இருக்கவேண்டும். அணைக்குக் கீழே இருக்கும் கல் மழையைக் காட்டாது, மிஞ்சிய தண்ணீரைத் திறந்துவிடும் வான்கதவைத்தான் காட்டும். டயகமவிலோ அக்கரப்பத்தனையிலோ தெரிந்தவர் ஒருவர் இருந்தால், அங்கே மழை பிடித்த நேரத்தை போனில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே கல் முங்கிய நேரத்தையும் குறியுங்கள். பத்துத் தடவை குறித்தால் ஆற்றுக்கும் மழைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே பிடிபடும். எந்த போனிலும் கிடைக்காத தகவல் அது. தண்ணீரின் நிறத்தையும் எழுதுங்கள். தெளிந்த தண்ணீர் ஏறுவது வேறு, பால்தேத்தண்ணி நிறத்தில் ஏறுவது வேறு. இரண்டாவதில் மேலே எங்கோ மண் வருகிறது.

நான்காம் படி: ஞாயிறு மாலை வாசிப்பு

முதலில் திணைக்களத்தின் அறிவிப்பு. அதில் மாகாணப் பெயரைத் தேடி நின்றுவிடாதீர்கள். "மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகள்" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் நம் பக்கம். "கிழக்குச் சரிவுகளில் பலத்த காற்று" என்றால் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம். அளவையும் பாருங்கள்: 50, 75 மி.மீ. என்பது ஒரு மாதிரி, 100ஐத் தாண்டும் என்றால் கதை வேறு. "சில இடங்களில்" என்ற சொல்லைக் கண்டால், அந்தச் சில இடத்தில் நம் ஊர் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, போனில் விண்டி (Windy) போன்ற ஏதாவது ஒரு காற்றுவரைபடம். இதில் எல்லாரும் செய்யும் தவறு, ஊர்ப்பெயரைத் தட்டி மழைப்படத்தைப் பார்ப்பது. உலகம் முழுவதையும் கணிக்கும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப்போடுகின்றன. ஐரோப்பிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 9 கி.மீ., அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரிக்கு ஏறத்தாழ 13 கி.மீ. தலவாக்கலையிலிருந்து 9 கி.மீ. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு மலை ஏறி ஒரு பள்ளம் இறங்கிவிடுவோம். அந்த மாதிரிக்கு நம் மலை ஒரு மேடு, பள்ளத்தாக்கு தெரியாது. அதனால் அது சொல்லும் மி.மீ. எண்ணை நான் பலகையில் எழுதுவதே இல்லை.

அதற்குப் பதிலாகக் காற்றைப் பாருங்கள். உயரத்தை மாற்றும் இடத்தில் 850 ஹெக்டோபாஸ்கல் என்று ஒன்று இருக்கும். அது கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள முகடுகளின் உயரம். அங்கே காற்று மேற்கிலிருந்து வருகிறதா, கிழக்கிலிருந்தா? வாரத்தின் எந்த நாளில் நிறம் அடர்ந்து வேகம் கூடுகிறது, எந்த நாளில் தளர்கிறது? மேற்குக் காற்று வேகம் பிடிக்கும் நாளே மேற்குச் சரிவுக்கு மழை நாள். காற்றுத்திசையைக் கணிப்பதில் மாதிரிகள் கெட்டி. மழையளவைக் கணிப்பதில்தான் தடுமாறும். அவை நன்றாகச் செய்வதை மட்டும் அவற்றிடம் கேளுங்கள்.

இரண்டு மாதிரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றையே சொன்னால் அழுத்தி எழுதலாம். ஒன்று வியாழன் என்றும் மற்றது சனி என்றும் சொன்னால் "வாரக்கடைசியில் மழை கூடலாம், நாள் உறுதியில்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஜி.எஃப்.எஸ். ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. கணக்குத் தொடங்குவது நம் நேரப்படி 5.30, 11.30, மறுபடி 5.30, 11.30. முடிவு கைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குப் பார்ப்பதைவிட இரவு சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பது நல்லது.

வெப்பநிலைக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.65 பாகை குறையும். நுவரெலியாவுக்குச் சொன்ன எண்ணோடு நான்கைக் கூட்டினால் நமக்கு ஓரளவு சரிவரும்.

ஐந்தாம் படி: ஆறும் வான்கதவும்

நம் ஊரில் இதைத் தனி வரியாக எழுதியே ஆகவேண்டும். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் மின்சாரம் தருகிறது. ஆனால் டவுனை ஒட்டிக் கிடக்கும் அதன் நீர்த்தேக்கம் சின்னது, ஏறத்தாழ 8 லட்சம் கன மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1000 கன மீட்டர் தண்ணீர். 100 சதுர கிலோமீட்டரில் 8 மி.மீ. பெய்து முழுவதும் ஓடிவந்தால் 8 லட்சம். உண்மையில் பாதி மண்ணில் இறங்கும், ஆனால் ஆறு தண்ணீர் வாங்கிவரும் நிலப்பரப்பும் 100 சதுர கிலோமீட்டரைவிட அதிகம். மேலே ஒரு பிற்பகல் நல்ல மழை பெய்தால் தேக்கம் நிரம்ப அதிக நேரம் வேண்டாம், வான்கதவு திறக்கும். டவுனில் ஒரு சொட்டு விழாமலே திறக்கும்.

அதனால் பலகையில் ஆற்று வரியை மேல்மழையை வைத்து எழுதுங்கள். அக்கரப்பத்தனை, நானுஓயாப் பக்கம் பிற்பகல் இடிமழை எதிர்பார்க்கும் நாளில் "பிற்பகல் அணைக்குக் கீழே ஆற்றில் இறங்க வேண்டாம்" என்று எழுதுகிறேன். சென்கிளேயர் பக்கம் குளிக்க இறங்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இங்கே வானம் வெளுத்திருப்பது மட்டும்தான் தெரியும். நீர்மட்டம் பற்றி நீர்ப்பாசனத் திணைக்களமும், எச்சரிக்கைகள் பற்றி அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சொல்வதற்குப் பிறகுதான் என் பலகை. 117 என்ற அவசர எண்ணைப் பலகையின் ஒரு மூலையில் பெயின்ற்றால் எழுதிவைத்திருக்கிறேன்; வெண்கட்டி என்றால் அழிந்துபோகும்.

ஆறாம் படி: மண்

மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், பிரதேச செயலகப் பிரிவுவாரியாக. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் உடனே வெளியேறு. அவர்கள் மக்களுக்குச் சொல்லிவைத்திருக்கும் மழையளவும் எளிது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினாலும் வெளியேற்றம்தான். போத்தல் மழைமானி இங்கேதான் தன் பெறுமதியைக் காட்டும். போத்தலில் 75க்கும் 100க்கும் 150க்கும் அந்தந்த நிறத்தில் கோடு போட்டுவையுங்கள். இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

நேற்றைய மழையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மூன்று நாள் 40, 55, 30 என்று பெய்திருந்தால் தனித்தனியே எதுவும் பயமில்லை. ஆனால் மண் 125 மி.மீ. குடித்து ஊறிப்போயிருக்கிறது. நான்காம் நாள் வரும் மழையை அது வாங்காது. எனவே ஞாயிறு எழுதும்போது கடந்த மூன்று நாள் கூட்டுத்தொகையையும் பலகையின் அடியில் எழுதுகிறேன். அதோடு, லயத்துக்குப் பின்னால் சரிவில் புதிதாக வெடிப்பு, சாயும் மரம் அல்லது கம்பம், இல்லாத இடத்தில் ஊற்று, இருந்த ஊற்று திடீரென்று நிற்பது, கான் (வடிகால்) தண்ணீர் கலங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த நிறத்துக்கும் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஏழாம் படி: எழுதுவது

முதல் மூன்று நாளைப் பிரித்து எழுதுங்கள். நான்காம், ஐந்தாம் நாளுக்குப் போக்கு மட்டும். கடைசி இரண்டு நாளுக்கு ஒரே வரி. ஏழாம் நாள் மூன்று மணிக்கு மழை என்று எழுதுகிறவர் ஜோசியம் சொல்கிறார். ஜூன் வாரமொன்றுக்கு என் பலகை இப்படி இருக்கும்:

திங்கள்: மேற்குக் காற்று. விட்டு விட்டுத் தூறல், இரவில் கூடும். ஹட்டன் ரோட்டில் காலை மூடுபனி.
செவ்வாய்: காற்றும் மழையும் பலம். கொட்டகலைக்கு மேற்கே இன்னும் பலம். துணி வேண்டாம்.
புதன்: காலை மழை, பிற்பகல் தளரும்.
வியாழன், வெள்ளி: காற்று குறையும். காலை 9 முதல் 1 வரை வெயில் எதிர்பார்க்கலாம்.
சனி, ஞாயிறு: மறுபடி மேற்குக் காற்று. நாள் உறுதியில்லை.
ஆறு: செவ்வாய், புதன் அணைக்குக் கீழே இறங்க வேண்டாம்.
மண்: மூன்று நாள் மழை 62 மி.மீ.

"துணி வேண்டாம்" என்பது வளிமண்டலவியல் சொல் இல்லைதான். ஆனால் பலகையில் முதலில் வாசிக்கப்படுவது அதுதான்.

எட்டாம் படி: சனிக்கிழமை கணக்கு

அழிக்குமுன் பலகையை போனில் படம் பிடித்து, ஒவ்வொரு வரிக்கும் சரி, பிழை போடுங்கள். மாதம் ஒருமுறை எண்ணினால் எங்கே பிழைக்கிறோம் என்று தெரியும். என் கணக்கில் ஜூன், ஜூலை நன்றாகவே வருகிறது. ஏப்ரல் பிற்பகல்கள் இன்னும் கையைச் சுடுகின்றன. இடி பக்கத்து ஊரான லிந்துலையில் விழுமா, நம் தலையில் விழுமா என்று முதல்நாளே சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் ஏப்ரலில் பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்று மேகத்தைப் பார்த்து, அன்றைய வரியை மட்டும் அழித்து எழுதுகிறேன்.

சடங்கு வீட்டு அக்கா இப்போதும் வருவார். சீனியைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று முதலில் மேற்கே கொட்டகலைப் பக்கம் ஒரு பார்வை. பிறகுதான் பலகை.